ஒரிஜினல் சர்டிபிகேட்டை லேமினேஷனுக்குக் கொடுக்காதீங்க: ₹2,850 போச்சு

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. பேர் வேண்டாம். டிகிரி முடிச்சவங்களுக்கு லேமினேஷன், ஸ்கேன், டிஜிலாக்கர் (சர்டிபிகேட்டை ஆன்லைன்ல வெச்சுக்கிற அரசு ஆப்), ஃபைல் எல்லாம் சேர்த்து ₹2,850-னு போர்டு. தம்பியோட பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், ப்ரொவிஷனல், கன்சாலிடேட்டட் (எல்லா செமஸ்டர் மார்க்கும் சேர்ந்த ஷீட்), டிகிரி, அஞ்சும் ஒரிஜினல். கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கடைக்காரர் கையைத் துண்டுல துடைச்சுக்கிட்டார். "என் புள்ளையோடது மாதிரி பாத்துக்குறேன் தம்பி." அதை நம்பித்தான் ₹2,850-ஐயும் முன்னாடியே கொடுத்தது.

அஞ்சுக்கும் ஹீட் லேமினேஷன். டிகிரியில பல்கலைக்கழக முத்திரைக்குக் குறுக்கே ஒரு சுருக்கம். இந்த லேமினேஷன்ல உள்பக்கப் பசை சூட்டுல உருகி பேப்பரோட ஒட்டிக்கும். பிரிச்சா எழுத்தும் சேர்ந்து உரிஞ்சு வரும். வெளிநாட்டு வேலைக்கு அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில் (சர்டிபிகேட் உண்மைதான்னு வெளிநாட்டுக்காக அரசு தர்ற சான்று) எல்லாம் வழக்கமா ஒரிஜினலோட பின்பக்கம்தான் போடுவாங்க. பிளாஸ்டிக் மேல எங்கே சீல் குத்துறது?

ஸ்கேன்னு கொடுத்தது செல்போன்ல எடுத்த படம், ரிஜிஸ்டர் நம்பரே தெரியலை. அதே மங்கலான படத்தை டிஜிலாக்கர்ல 'அப்லோடட்' பகுதியில ஏத்திட்டு வேலை முடிஞ்சதுன்னுட்டாங்க. அது வெறும் படம்தான். சர்டிபிகேட் கொடுத்தவங்களே நேரடியா ஏத்தி, 'இஷ்யூட்' பகுதியில வர்றதுக்குத்தான் ஒரிஜினலுக்குச் சமமான மதிப்பு. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டை ரிஜிஸ்டர் நம்பரும் வருஷமும் போட்டு நாமே இலவசமா எடுக்கலாம். பல்கலைக்கழகம் ஏத்தியிருந்தா டிகிரியும் கிடைக்கும்.

கேட்கப் போனா, "மெஷின்ல போனா அப்படித்தான் வரும்." அப்புறம் "ஓனர் வரட்டும்." ஓனர் வந்ததும், "ஸ்கேன் பண்ண பையன் நின்னுட்டான்பா." கடைசியா, "இன்னா தம்பி இப்போ, கிழிஞ்சா போச்சு?" ₹2,850-க்கு பில் கேட்டா சிரிக்கிறாங்க.

எப்படிப் பத்திரப்படுத்தணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்துல ஓடலை. அவசரத்துக்கு: ஒரிஜினலை ஸ்லீவ் வெச்ச ஃபைல்ல சும்மா சொருகி வைங்க. ஸ்கேன்னா 300 டிபிஐ (தெளிவோட அளவு), கலர், பிடிஎஃப், பின்பக்கமும் சேர்த்து. டிசியை முதல்ல ஸ்கேன் பண்ணுங்க, அடுத்த காலேஜ்ல ஒரிஜினலை வாங்கிப்பாங்க. கடை கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் திறந்தா லாக் அவுட் பண்ணுங்க. இந்தக் கடை டெஸ்க்டாப்ல யார் யாரோட ஆதாரோ வரிசையா கிடக்கு; உங்க ஃபைலை அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ண வெச்சிட்டு எழுந்திரிங்க.