மைஎஸ்கியூஎல்லை விட்டு போஸ்ட்கிரெஸுக்கு வந்து சில வருடங்கள் ஆன பிறகு

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறிய புதிதில் கேட்டிருந்தால் வேகத்தைப் பற்றித்தான் பேசியிருப்பேன். இப்போது அதில் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் அலுவலகம் மாதிரி நடுத்தர அளவு டேட்டாவுக்கு இரண்டுமே போதும். வேறுபாடு, தப்பான டேட்டாவை எவ்வளவு கறாராகத் தடுக்கிறது என்பதில்தான்.

அது முதலில் தெரிந்தது டேட்டாவை நகர்த்தும்போது. பழைய டேபிள்களில் 0000-00-00 என்று தேதிகள், பாதியில் வெட்டுப்பட்ட முகவரிகள், மைனஸில் போன கையிருப்பு. மைஎஸ்கியூஎல்லில் 5.7 பதிப்பு வரும் வரை ஸ்ட்ரிக்ட் மோடு (தப்பான மதிப்பை ஏற்க மறுக்கும் அமைப்பு) தானாக இருக்காது, நீளமான எழுத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். செக் கன்ஸ்ட்ரெயின்ட்டையோ (மதிப்புக்கு நாம் வைக்கும் நிபந்தனை) 8.0.16 பதிப்பு வரும் வரை எழுதினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் கண்டுகொள்ளாது! போஸ்ட்கிரெஸ் இதில் எதையும் விடாது. டேட்டாவை நகர்த்தித் தரும் பிஜிலோடர் என்ற கருவி அந்தப் பூஜ்யத் தேதிகளை வெற்று மதிப்பாக மாற்றித் தந்துவிடும், சரி, ஆனால் அந்த வெற்று மதிப்புக்கு என்ன அர்த்தம் என்று கணக்குப் பிரிவில் போய்க் கேட்பது யார்? மைக்ரேஷனில் பெரும்பகுதி நேரம் இதற்குத்தான் போனது.

அப்புறம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம். மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், போஸ்ட்கிரெஸில் அப்படி இல்லை. மின்னஞ்சலைப் பெரிய எழுத்தில் தட்டியவர்களுக்கு லாகின் ஆகவில்லை. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷன் மேல் ஒரு யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுப்பது) போட்டு, குவரியிலும் அதையே பயன்படுத்தியதும் முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிளையும் டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற தொகுப்பு) வைக்கலாம் என்பது. ஒரு டிப்ளாயில் ஐந்து மாற்றம் இருந்து நான்காவது விழுந்தால் மொத்தமும் ரோல்பேக் ஆகி, பழைய நிலைக்கே போய்விடும். மைஎஸ்கியூஎல்லில் ஒவ்வொரு ஆல்டரும் தானாகவே கமிட் ஆகி நிலைத்துவிடும், பாதியில் நின்ற ஸ்கீமாவைக் (டேபிள்களின் அமைப்பு) கையால்தான் சரிசெய்ய வேண்டும். இந்த ஒன்றுக்காகவே திரும்பிப் போக மாட்டேன். (டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸை கன்கரன்ட்லி போட்டு உருவாக்குவது போன்ற சில மட்டும் டிரான்சாக்ஷனுக்குள் நடக்காது.)

இனி தொல்லைகள். முதலாவது வேக்யூம், அதாவது செத்த வரிசைகளைச் சுத்தம் செய்யும் வேலை. ஒரு வரிசையை அப்டேட் செய்தால் புதிய பிரதி எழுதப்படும், பழையது, தானாக ஓடும் ஆட்டோவேக்யூம் வரும் வரை செத்த வரிசையாக டேபிளிலேயே கிடக்கும். இயல்பான அமைப்பில் ஏறக்குறைய 20 சதவீத வரிசைகள் செத்த பிறகுதான் அது கிளம்பும். கோடி வரிசை டேபிளில் அது 20 லட்சம், அந்த மாதிரி டேபிளுக்கு மட்டும் அளவைக் குறைத்து வையுங்கள். யாராவது டிரான்சாக்ஷனைத் திறந்து ஒரு குவரியும் ஓட்டிவிட்டு அப்படியே சாப்பிடப் போய்விட்டால், அதற்குப் பிறகு செத்த வரிசைகளை வேக்யூமால் அள்ளவே முடியாமல் போகலாம், டேபிள் வீங்கிக்கொண்டே இருக்கும். இப்படிச் சும்மா திறந்து கிடப்பதற்கு (ஐடில் இன் டிரான்சாக்ஷன்) ஒரு டைம்அவுட் வைத்த பிறகுதான் நிம்மதி.

இரண்டாவது கனெக்ஷன். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனி ப்ராசஸ், இயல்பான வரம்பு 100. சில கனெக்ஷன்களையே பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் இல்லாமல் எங்களால் ஓட்ட முடியவில்லை. ஒரு டிரான்சாக்ஷன் முடிந்ததும் கனெக்ஷனை அடுத்தவருக்குத் தரும் அதன் டிரான்சாக்ஷன் மோடில், ப்ரிபேர்ட் ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயாரித்து வைத்த குவரி) பிஜிபவுன்சர் 1.21-லிருந்துதான் வேலை செய்கிறது, பழைய பதிப்பை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த இண்டெக்ஸைத்தான் பயன்படுத்து என்று கட்டாயப்படுத்தும் ஃபோர்ஸ் இண்டெக்ஸ் இங்கே இல்லாதது சில நாள் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

பெரிய பதிப்பு மாற்றத்தை மட்டும் அலட்சியமாக எடுக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் 17 வரை, பதிப்பை மாற்றித் தரும் பிஜி அப்கிரேடு கருவி, குவரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானரின் புள்ளிவிவரங்களைக் கூடவே கொண்டு வராது. 2025-இல் வந்த 18-க்கு மாறும்போதுதான் பெரும்பாலானவை தங்குகின்றன. அதற்குக் கீழே உள்ள பதிப்புக்குப் போகிறீர்கள் என்றால், அந்தப் புள்ளிவிவரங்களைப் புதிதாகச் சேகரிக்கும் அனலைஸை ஓட்டி முடிக்காமல் அப்ளிகேஷனைத் திறந்துவிடாதீர்கள்.