எலும்பு சீக்கிரம் ஒட்டும் என்று வைட்டமின் விற்கிறார்கள், வாங்காதீர்கள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இலவச உடல் பரிசோதனை என்று மண்டபத்துக்குக் கூப்பிட்டு, கை கால் முறிந்தவர்களிடம் வைட்டமின் 'செட்' விற்கிறார்கள். என் அம்மா கூட்டு (சீட்டு) கட்டிச் சேர்த்த பணத்தில் 1,280 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. அதைவிட, அவருடைய வலது மணிக்கட்டு கோணலாக ஒட்டிப்போனதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அம்மா வாழ்நாளெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். அரசு மருத்துவமனையில் எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரேக்கு வரச் சொன்னார்கள். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள்.

அந்த ஒரு வாரத்துக்குள்தான் மண்டபத்துக்குப் போயிருக்கிறார். ஒரு உலோகக் குச்சியை இடது கையில் பிடிக்கச் சொல்லி, மடிக்கணினியிலிருந்து பக்கம் பக்கமாக அறிக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எலும்பு, கால்சியம், சிறுநீரகம், எல்லாமே சிவப்பு எழுத்தில். குச்சியைப் பிடிப்பதால் எலும்பின் பலம் தெரியாது. எலும்பின் அடர்த்தியை அளக்க இடுப்பிலும் முதுகுத் தண்டிலும் டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மறுநாள் வீட்டுக்கே வந்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி அம்மாவோடு ஒரே நிரையில் மரம் சீவியவரின் மகள். அம்மா நம்பியதற்கு அதுதான் காரணம். "பெரியம்மா, இதைச் சாப்பிட்டா மூணு வாரத்துல கட்டைப் பிரிச்சிடலாம். சும்மா சும்மா எக்ஸ்ரே எடுத்தா வைட்டமின் வேலை செய்யாது" என்று சொல்லியிருக்கிறாள். அம்மாவும் எக்ஸ்ரேக்குப் போகவில்லை. நான் ஜொகூரிலிருந்து லீவில் வந்து பார்த்தபோது கை ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

அந்த எக்ஸ்ரே ஏன் அவ்வளவு முக்கியம் என்று டாக்டர் பிறகு விளக்கினார். வீக்கம் வடியும்போது மாவுக்கட்டு தளர்ந்துவிடும். முதல் இரண்டு வாரத்தில் உள்ளே எலும்பு நகர வாய்ப்பு அதிகம். அப்போதே பார்த்தால் மறுபடி நேராக்கலாம். அதற்குப் பிறகு முறிந்த இடத்தைச் சுற்றிப் புதிய எலும்பு உருவாகி, இருக்கிற நிலையிலேயே இறுகிவிடும். மணிக்கட்டு ஒட்ட சுமார் ஆறு வாரம் ஆகும், கால் எலும்பு என்றால் பல மாதம். நகர்ந்த எலும்பை எந்த மாத்திரையும் இழுத்து நேராக்காது.

வைட்டமினே கெட்டது என்று நான் சொல்லவில்லை. எலும்பின் அடித்தளமான கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். சாப்பாட்டிலுள்ள கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும், தேவையென்றால் டாக்டரே எழுதிக் கொடுப்பார். ஆனால் குறைபாடு இல்லாதவர் கூடுதலாகச் சாப்பிடுவதால் எலும்பு பாதி நாளில் ஒட்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. புட்டியில் இருந்ததும் சாதாரண கால்சியம், வைட்டமின் டி, சி, கே. ஒரு கொய்யாப்பழத்திலேயே ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி இருக்கிறது. முட்டை, தவ்வு (டோஃபு), எலும்போடு தின்னும் நெத்திலி எல்லாம் நம் பசாரிலேயே கிடைக்கும். எலும்பு ஒட்டும் காலத்தில் புரதமும் நன்றாகச் சேர வேண்டும். சிகரெட் பிடித்தால் எலும்பு ஒட்டுவது தாமதமாகும், இதை அந்த மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை.

அளவு மீறினால் கெடுதலும் உண்டு. பெரியவர்களுக்கு வைட்டமின் டி ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. வெகுநாள் மிதமிஞ்சிச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். இந்த 'செட்' வீட்டில் இருந்தால் புட்டியையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

புட்டியில் எம்.ஏ.எல் (MAL) எண், அதாவது அரசாங்கம் மருந்துகளுக்குக் கொடுக்கும் பதிவு எண், இருக்கிறதே என்று என்னிடமும் வாதாடினார்கள். எண்ணின் கடைசியில் 'என்' (N) எழுத்து இருந்தால், அது சத்து மாத்திரையாகப் பதிவானது என்றுதான் அர்த்தம். முறிந்த எலும்பை ஒட்டவைக்கும் மருந்து என்று அரசாங்கம் சான்று கொடுத்ததாக ஆகாது. கூடவே விற்ற மாவு டப்பாவில் அந்த எண்ணும் இல்லை.

பணத்தைக் கேட்டேன். புட்டியைப் பிரித்தாயிற்று, திருப்பித் தர முடியாது என்றார்கள். 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தில், வீடு தேடி வந்து விற்றால் 10 வேலை நாளுக்குள் வாங்கியவர் ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. அதை அவர்கள் சொல்லவே இல்லை. அம்மாவுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது, அதனால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு.

அதே மண்டபத்தில் வாங்கியவர்கள் ரசீதையும் அந்தச் சிவப்பு எழுத்து அறிக்கையையும் கிழித்துப் போடாதீர்கள். பாரத்தை மலாய் மொழியில் நிரப்பச் சிரமமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள், நான் நிரப்பித் தருகிறேன். கை இன்னும் கட்டில் இருப்பவர்கள் முதலில் எக்ஸ்ரேக்குப் போய்விட்டு வாருங்கள், பாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.