சிலிண்டரா, புகைபோக்கி ஏறுவதா?

மணலி, எண்ணூர் பக்கம் ஆலைப் புகைபோக்கிகளில் மாசை அளக்கும் கருவிகள் நாள் முழுக்க எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. 17 வகைத் தொழில்களுக்கு இவை கட்டாயம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. சரி, அந்த எண்களை நம்பலாமா?

அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து செலுத்திப் பார்ப்பது ஒரு வழி. சில நிமிட வேலை, அடிக்கடி செய்யலாம். ஆனால் வாயுவை நேரே அளக்கும் கருவிக்குள் விட்டால், புகையைப் புகைபோக்கியிலிருந்து அதற்குக் கொண்டுவரும் குழாயின் குறை தெரியாது. குழாயின் சூடு குறைந்து உள்ளே நீர் கோத்தால் கந்தக டை ஆக்சைடு அதில் கரைந்துவிடும். எண் அழகாகக் குறையும், சிலிண்டர் சோதனையும் பாஸ்! அதனால் குழாயின் நுனியிலிருந்தே வாயுவை விடச் சொல்லுங்கள்.

மேலே ஏறி மாதிரி எடுத்து ஆய்வகத்தில் அளந்து ஒப்பிடுவது இன்னொன்று. செலவு, நேரம், போதாததற்குச் சென்னை வெயில். அன்றைய உற்பத்தி நிலைக்கு மட்டுமே அது சாட்சி. வாயுவுக்கு என் ஓட்டு சிலிண்டருக்குத்தான், மேலே ஏறுவதை எப்போதாவது செய்தால் போதும். தூசிக்கு அப்படியில்லை. தூசியைச் சிலிண்டரில் அடைக்க முடியாதே! ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் கருவிக்கு, வடிதாளில் பிடித்து எடை போட்ட தூசிதான் அளவுகோல். நிலக்கரி மாறினால் துகளின் தன்மையும் மாறும், மறுபடி ஏறத்தான் வேண்டும்.