மஞ்சள் கிதாபா, மென்பொருளா, நேரலையா?

ஜாவாவின் பெசந்த்ரென்களில், அதாவது கியாய் என்ற ஆசிரியரிடம் தங்கி ஓதும் விடுதி மத்ரஸாக்களில், தொழில்நுட்பம் பற்றிப் பேச்சு எடுத்தாலே கைபேசித் தடையில்தான் போய் நிற்கும். ஆனால் அங்கே கிதாபு, அதாவது அரபு மார்க்க நூல், படிக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதலில் பழைய வழி. மஞ்சள் தாளில் அச்சான அரபுக் கிதாபு. உயிர்க்குறி எதுவும் கிடையாது. பந்தோங்கான் முறையில் கியாய் வாசித்துச் சொல்லுக்குச் சொல் ஜாவானியில் பொருள் சொல்ல, மாணவர்கள் வரிகளுக்கு அடியில் பெகோன் எழுத்தில் சாய்வாக எழுதிக்கொள்வார்கள். (ஜாவானியை அரபு எழுத்தில் எழுதுவது பெகோன், நம் அரபுத்தமிழுக்கு அண்ணன் தம்பி.) எழுவாய்க்கு மீம், பயனிலைக்கு ஃகா என்று சின்னக் குறிகளும் உண்டு. அதனால் பொருளோடு இலக்கணமும் ஏறிவிடும். சொரோகான் இன்னும் கடினம். மாணவர் தனியாகக் கியாயின் முன் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒரு விகுதியைத் தப்பாக உச்சரித்தாலும் வாக்கிய அமைப்பு புரியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து மக்தபா ஷாமிலா. ஆயிரக்கணக்கான அரபு நூல்கள் அடங்கிய இலவச மென்பொருள். இந்தோனேசியாவின் பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்ளத்துல் உலமா வட்டாரத்தின் பஹ்துல் மஸாயில் என்ற ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) விவாதக் கூட்டங்களுக்கு மேற்கோள் தேட இதை மிஞ்ச ஆளில்லை. பல நாள் தேடல் சில நொடியில் முடியும். ஆபத்தும் அதே வேகத்தில்தான் வருகிறது: தேடிய சொல் கிடைத்ததும் முன்பத்தி பின்பத்தி பார்க்காமல் வெட்டி ஒட்டும் பழக்கம். தட்டச்சுப் பிழைகளும் உண்டு. அச்சுப் பிரதியோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டுவது சரியில்லை.

நேரலை வேறு கதை. இந்தோனேசிய அறிஞர் உலில் அப்ஷார் அப்தல்லா ஃபேஸ்புக்கில் இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா என்ற நூலைப் பாடம் நடத்தியபோது, விடுதி வாசலையே மிதிக்காதவர்களும் கேட்டார்கள். 2020 கொரோனா ரமலானில் பல பெசந்த்ரென்கள் இதே வழிக்கு வந்தன. வீட்டுக்குப் போன மாணவருக்கும் பழைய மாணவருக்கும் இது நல்ல ஏற்பாடு. ஆனால் இது பந்தோங்கானின் பாதிதான். கியாய் பேசுவது கேட்கும், நீங்கள் வாசிப்பது அவருக்குக் கேட்காது.

என் ஓட்டு? தொடக்க மாணவருக்குச் சொரோகான், வேறு பேச்சே இல்லை. ஒரு கிதாபைத் தடுமாறாமல் வாசித்துக் காட்டிய பிறகு நூலகக் கணினியில் ஷாமிலாவைத் திறந்துவிடலாம். அதற்குக் கைபேசித் தடையை நீக்க வேண்டிய அவசியமும் இல்லை.