மலையேறி வரும் மாத்திரை: ஏற்காட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்'

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட, நாள்பட்ட நோயாளிகளுக்கு வீடு தேடி வந்து மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தை, ஏற்காட்டுக்கு அப்பாலுள்ள மலைக்கிராமம் ஒன்றில், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள என் தாயாரின் பொருட்டு நான் நெருக்கமாகக் கவனித்து வருகிறேன்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. காப்பித் தோட்டத்துக்கும் மிளகு பறிக்கவும் கூலிக்குச் செல்பவர்கள் மருந்தைப் பாதியில் விடுவதற்குக் காரணம் வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான் என்றாலும், அதை வாங்கப் போனால் அன்றைய கூலி போய்விடும். பேருந்தும் நினைத்த நேரத்துக்கு வராது. பணம் கொடுக்க இயலாததால் எவரும் மருத்துவம் கிடைக்காமல் போகக் கூடாது என்று நாட்டின் மருத்துவ வசதிகளை ஆராய பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த, ஜோசப் போர் (Joseph Bhore) தலைமையிலான குழு 1946-லேயே எழுதியது. கூலியிழப்பையும் அந்தக் கணக்கில் சேர்க்காதவரை அனைவருக்குமான மருத்துவம் என்பது மலைக்கு வந்து சேராது.

எங்கள் பகுதிக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், யார் எத்தனை மணிக்குத் தோட்டத்திலிருந்து திரும்புவார்கள் என்பதை அறிந்து அதற்கேற்ப வருகிறார். ரத்த அழுத்தம் பார்த்து, விரல் நுனியில் சர்க்கரை சோதித்து, மீதமிருக்கும் மாத்திரைகளையும் எண்ணிப் பார்க்கிறார். மருந்தகத்தில் சீட்டை நீட்டி வாங்கும்போது இந்த எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை, மாத்திரை மிஞ்சியிருந்தால் "ஏன்மா, சாப்பிடலையா?" என்று அவர் கேட்பதே என் தாயார் மருந்தைத் தவறாமல் உட்கொள்ளக் காரணம். படுக்கையில் கிடப்போருக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் இதே திட்டத்தில் உண்டு. இத்தனை பொறுப்பைச் சுமக்கும் தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகைக்குப் பதிலாக நிலையான ஊதியம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறை என்னவென்றால், சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் விழித்திரைப் பரிசோதனை வீட்டு வாசலுக்கு வருவதில்லை. அதற்காக எங்கள் ஊரார் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. வலியில்லாத கண்ணுக்காக ஒரு நாள் கூலியை விட்டுப் போகிறவர் அரிது. விழித்திரையைப் படமெடுக்கும் கருவியுடன் ஒரு வாகனம் குறித்த நாளில் மலைக்கு வந்தால் இக்குறை பெருமளவு தீரும்.

இத்திட்டத்தில் இன்னும் பதிவு செய்யாதவர்கள், பழைய மருந்துச் சீட்டுடன் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரை அணுகலாம்.