‘அன்கம்ஃபர்டபிள்’: செயலி தடுமாறும் இடம், அகராதி கைகொடுக்கும் இடம்

கைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி எவ்வளவு தேறும் என்று பார்க்க ‘அன்கம்ஃபர்டபிள்’ என்ற ஒரே சொல் போதும். தனியாகத் தட்டினால் பெரும்பாலும் ‘சங்கடமான’ என்றோ ‘அசௌகரியமான’ என்றோ வரும். அதை அப்படியே எடுத்து ஒட்டுவதால்தான் ‘சங்கடமான நாற்காலி’ பிறக்கிறது. நாற்காலிக்கு ஏது சங்கடம்? முதுகு வலிப்பது உட்காருகிறவருக்கு.

ஆங்கிலத்தில் நாற்காலியும் அன்கம்ஃபர்டபிள், அதில் நெளிகிறவரும் அன்கம்ஃபர்டபிள். தமிழில் இடத்துக்கு ஒரு சொல். சட்டைக் கழுத்தின் லேபிள் உறுத்தும், செருப்பு கடிக்கும், நாற்காலி உட்கார வாகாக இராது, காற்றில்லாத அறை புழுங்கும், நாலு பேர் முன்னால் சம்பளம் கேட்டால் சங்கடமாக இருக்கும். முழு வாக்கியமாகக் கொடுத்தால் செயலி ஓரளவு தேறுகிறது. ஆனாலும் ‘உறுத்துகிறது’ போன்ற வினைச்சொல்லைத் தேடாமல் ‘அசௌகரியமாக உள்ளது’ என்றே முடித்துவிடுகிறது.

கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதி இதில் வெகுவாக மேல். நாற்காலி போன்ற பொருள்கள் தரும் தொல்லை, உடம்பு உணர்வது, மனக்கூச்சம் என்று பிரித்து, எடுத்துக்காட்டும் தருகிறது. இச்சொல்லோடு சேரும் முன்னிடைச்சொற்களை (ப்ரெபொசிஷன்) அதிலிருந்துதான் பிடிக்க வேண்டும்: ஒரு முடிவோ யோசனையோ ஒப்பவில்லை என்றால் ‘வித்’, ஒன்றைச் செய்யத் தயக்கம் என்றால் ‘அபவுட்’, உடை என்றால் ‘இன்’. அலுவலகக் கடிதத்தில் ‘ஐ ஆம் அன்கம்ஃபர்டபிள் வித் திஸ்’ என்று இருந்தால் அது வெறும் முனகல் இல்லை; பல வேளைகளில் நாகரிகமான மறுப்பு. செயலியின் தமிழில் அந்த அழுத்தம் காணாமல் போகும். அகராதியின் ஒலிப்பதிவையும் கேளுங்கள்: ‘ஃபோர்ட்’ என்று விரியாது, ‘அன்-கம்ஃப்-ட-பிள்’, அழுத்தம் ‘கம்’ மேல்.

நாம் தமிழிலிருந்து கொண்டுபோகும் பிழைகளைச் செயலி, அகராதி இரண்டுமே எச்சரிப்பதில்லை. ‘அசௌகரியம்’ நமக்கு உடல் தொல்லைக்கும் வசதிக்குறைவுக்கும் பொது என்பதால், கூட்ட நேரம் தோதுப்படாதபோதும் ‘அன்கம்ஃபர்டபிள்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே வேண்டியது ‘இன்கன்வீனியன்ட்’.

மருத்துவரிடம் இன்னும் கவனம் வேண்டும். ஊசிக்கு முன் ‘கொஞ்சம் அன்கம்ஃபர்டபிளாக இருக்கும்’ என்று அவர் சொன்னால், வலிக்கலாம் என்று அர்த்தம். நாம் வயிற்றைத் தடவிக்கொண்டு சொல்லும் ‘அன்ஈசியா இருக்கு’, ஆங்கிலத்தில் பெரும்பாலும் மனக்கலக்கத்தையே குறிக்கும். வயிறு உப்பலா, ‘ப்ளோட்டட்’. குமட்டலா, ‘நாஷியஸ்’.