பீட்டில் இன்ஜினுக்கு 180 கிளட்சா, 200 கிளட்சா? ஃப்ளைவீலையும் சேர்த்தே பார்ப்போம்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கிறவர்கள் பிஸ்டன், பேரிங், கேம் ஒவ்வொன்றுக்கும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், கிளட்ச் என்று வந்ததும் மட்டும் "நல்லதா ஒரு செட் போட்டுடலாம்" என்று முடித்துவிடுவார்கள். அப்படி முடிக்க முடியாது. கிளட்ச் (180, 200 என்பது அதன் பிளேட்டின் விட்டம், மி.மீட்டரில்), ஃப்ளைவீல் (இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் சுற்றும் கனமான சக்கரம்), ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸ் நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. அதனால் காசை எடுப்பதற்கு முன் உங்களிடம் இருக்கும் கியர்பாக்ஸ் எது என்று பாருங்கள்.

முதல் கேள்வி 109 பல்லா, 130 பல்லா. வண்டியின் மின்சாரம் 6 வோல்டாக இருந்த காலத்து ஃப்ளைவீலில் ரிங் கியருக்கு (ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்றும் பல் வளையம்) 109 பல், 12 வோல்ட் வீலில் 130. 130 பல் வீல் விட்டத்திலும் பெரியது, பழைய பெல் ஹவுசிங்குக்குள் (கியர்பாக்ஸ் உறையில் வீலை மூடும் பகுதி) அப்படியே போகாது, உள்பக்கம் உரசும். ஹவுசிங்கைத் தேய்த்து இடம் உண்டாக்கலாம், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கியர்பாக்ஸ் உறை மெக்னீசியம் கலவை. தேய்க்கும்போது விழும் தூள் தீப்பிடிக்கக்கூடியது, பக்கத்தில் வெல்டிங்கோ பொறி பறக்கும் வேறு வேலையோ நடக்கக் கூடாது, தூளைக் குவியலாகச் சேரவும் விடக் கூடாது. ஸ்டார்ட்டரையும் மாற்ற வேண்டும், அதன் ஷாஃப்ட் தடிமன் வேறு என்பதால் அந்த ஷாஃப்ட் முனையைத் தாங்கும் புஷ்ஷும் மாறும். இன்ஜின் அசல் 1200 சி.சி.யாகவே இருக்கப்போகிறது என்றால் இவ்வளவு வேலை தேவையே இல்லை, 109 பல்லோடு நிம்மதியாக ஓட்டலாம். 1600 ஏற்றப்போகிறீர்கள் என்றால் ஒரே தடவை வலிதான், செய்துவிடுங்கள்.

பல் எண்ணிக்கையை வைத்துக் கிளட்ச் அளவை ஊகிக்காதீர்கள். 109 பல் வீலில் 200 மி.மீ. கிளட்ச் வந்த வேன்கள் உண்டு, 130 பல் வீலில் 180 மி.மீ. வந்த சிறிய இன்ஜின்களும் உண்டு. கையில் இருக்கும் வீலை அளந்து பார்ப்பதுதான் வழி.

சரி, 180க்கும் 200க்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? பரப்பு கூடுவதால் பிடிப்பு கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிடிப்பைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் அழுத்தம், உராய்வு, பிளேட்டின் சராசரி ஆரம் இந்த மூன்றும்தான். அழுத்தம் மாறாமல் 180லிருந்து 200க்குப் போனால் ஆரத்தால் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு கூடுதல். பரப்பு கூடுவதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது: சூடு பரவலாகப் போகும், பிளேட்டின் மேல் உராயும் லைனிங் மெதுவாகத் தேயும். மேடும் நெரிசலுமாக, ஹாஃப் கிளட்சிலேயே ஓடும் வண்டிக்கு இதுதான் பெரிய விஷயம். 1500, 1600 இன்ஜினுக்கு நான் யோசிக்காமல் 200தான் சொல்வேன்.

அடுத்தது பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பாகம். இங்கேதான் அதிகம் பேர் தவறான சாமானை வாங்குகிறார்கள், காரணம் இரண்டு வகையும் 200 என்றே விற்கப்படுகின்றன. 1971 மாடலிலிருந்து கியர்பாக்ஸில் ரிலீஸ் பேரிங்குக்கு (பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டை அழுத்திப் பிடியை விடுவிப்பது) ஒரு வழிகாட்டிக் குழாய் வந்தது. அந்தக் கியர்பாக்ஸுக்கு நடுவில் வளையம் இல்லாத பிரஷர் பிளேட், பேரிங் நேராக ஸ்பிரிங் விரல்களை அழுத்தும். குழாய் இல்லாத பழைய கியர்பாக்ஸுக்கு வளையம் உள்ளது. இதை முடிவு செய்வது இன்ஜின் வருஷம் கிடையாது, கியர்பாக்ஸ்தான். பேரிங்கையும் அதே ஜோடியில் எடுங்கள்.

கனமான ஸ்பிரிங் போட்ட பிரஷர் பிளேட் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. வேண்டாம் என்பதே என் பதில். பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் தரும் அழுத்தம் கிராங்கைக் கியர்பாக்ஸிலிருந்து விலக்கிப் பின்னே தள்ளும், தாங்குவது ஃப்ளைவீல் பக்கத்து மெயின் பேரிங். கிளட்ச் கேபிளும், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் உட்கார்ந்திருக்கும் குறுக்கு ஷாஃப்ட்டும் சேர்ந்து அடிவாங்கும். அசல் சக்திக்கு அசல் ஸ்பிரிங் போதும், ஸ்லிப் ஆகிறது என்றால் பெரும்பாலும் எண்ணெய் கசிவையோ கேபிள் அட்ஜஸ்ட்மென்டையோ பாருங்கள்.

ஃப்ளைவீல் எடை விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. அசல் வீல் சுமார் 8 கிலோ, கடைந்து குறைத்தது 6 கிலோவுக்குக் கீழே. லேசான வீலில் இன்ஜின் சட்டென்று சுற்றேறும், கியர் மாற்றும்போது சட்டென்று இறங்கும், ஓட்டுவதற்கு உற்சாகமாக இருக்கும், பொய்யில்லை. ஆனால் குதிரைத்திறன் ஒன்றும் கூடாது. மேட்டில் வண்டியை எடுக்க கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும், ஐடிலும் அவ்வளவு நிதானமாக இருக்காது. ரேஸ் ஓட்டாதவருக்கு அசல் எடையே மேல்.

பழைய வீலா, புதிதா என்பதில் எனக்குப் பழைய அசல் வீல்தான் பிடிக்கும், மூன்று இடம் நன்றாக இருந்தால். ஆயில் சீல் உரசும் கழுத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருக்கக் கூடாது. வீலைக் கிராங்கோடு பூட்டும் டவல் பின் துளைகள் நீள்வட்டமாகியிருக்கக் கூடாது. ரிங் கியர் பல் முனைகள் சிதைந்திருக்கக் கூடாது. முகத்தை லேத்தில் கடைந்தால் பிரஷர் பிளேட் போல்ட் உட்காரும் விளிம்பிலிருந்தும் அதே அளவு எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அழுத்தம் குறைந்து புதுக் கிளட்சே வழுக்கும்.

எந்த வீலைப் போட்டாலும் கிராங்கின் முன்பின் ஆட்டத்தைத் திரும்ப அளக்க வேண்டும். 0.07 முதல் 0.13 மி.மீ. வரை, மூன்று ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்துச் சரிசெய்வது. பழைய வகை வீலுக்குக் கிராங்க் முனையில் கேஸ்கெட், பிந்தையதற்கு வீலிலேயே ஓ-ரிங் காடி, இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். ஆட்டம் சரியான பிறகுதான் ஆயில் சீலை ஏற்றி, 36 மி.மீ. நடு நட்டைச் சுமார் 340 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவது, அதற்குள்ளே இருக்கும் நீடில் பேரிங்குக்குக் கொஞ்சமாக கிரீஸ் வைத்த பிறகு.